கூப்பன் ஒன்று சொல்கிறது, கருவி ஒன்று சொல்கிறது: ஆலை ஆய்வகத்தில் அரிப்பை அளக்கும்போது வரும் கோளாறுகள்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எண்ணெயின் அமிலத்தன்மை, ஈரம், அழுக்கு பார்ப்பதுதான் எங்கள் அன்றாட வேலை. பாய்லர் தண்ணீர், கண்டென்சேட் (நீராவி குளிர்ந்த நீர்) குழாய், கழிவுநீர்க் குழாய் இவற்றில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று பார்க்கும் பொறுப்பும் நாளடைவில் எங்கள் மேசைக்கே வந்துவிட்டது. எடை போட்ட ஒரு சின்ன உலோகத் தகட்டைத் தண்ணீரில் தொங்கவிட்டு, பிறகு எடுத்து மறுபடி எடை போடுவோம்; அந்தத் தகடுதான் கூப்பன். பக்கத்துத் தோட்டங்களின் ஆய்வகங்களிலிருந்தும் கேட்பார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நாங்கள் பயன்படுத்தும் முறை சரியில்லை போலிருக்கிறது, எதற்கு மாறலாம்?"

முறையை மாற்ற அவசரப்பட வேண்டாம். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் கழுவுவதிலோ, பரப்பளவுக் கணக்கிலோ, ஒயரிலோ இருக்கும். சில இடங்களில் முறையே தப்பாகத்தான் இருக்கும். அதையும் அந்தந்த அறிகுறியின் கீழ் சொல்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பணம் பிடிப்பது கடைசியில்.

அறிகுறி: கூப்பனின் எடை குறையவில்லை, கூடியிருக்கிறது

முதலில் கூப்பனை விரலால் தொடாமல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வழவழவென்று மின்னினால் அது எண்ணெய்ப் படலம். கழிவுநீரில் தொங்கிய கூப்பன் எல்லாவற்றிலும் இது இருக்கும். எண்ணெய் இருக்கும் இடத்தில் அமிலம் படாது. துரு அப்படியே உட்கார்ந்திருக்கும். அசிட்டோனில் இரண்டு முறை அலசி, மெல்லிய பிரஷால் தேய்த்து, அதன் பிறகுதான் அமிலத்தில் போட வேண்டும்.

எண்ணெய் இல்லையென்றால் துரு முழுதாகப் போகவில்லை என்று அர்த்தம். கூப்பன் கழுவுவதற்கான ஏஎஸ்டிஎம் ஜி1 தரநிலை சாதாரண இரும்புக்குத் தரும் கரைசல்களில் நான் பயன்படுத்துவது இது: அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 500 மில்லி, ஹெக்சமின் 3.5 கிராம், தண்ணீர் சேர்த்து மொத்தம் 1 லிட்டர், அறை வெப்பத்தில் 10 நிமிடம். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், புகைக் கூண்டுக்குள்தான் செய்ய வேண்டும். ஆன்டிமனி சேர்ந்த கிளார்க் கரைசல் இன்னும் பேர்பெற்றது. ஆனால் ஆன்டிமனி நச்சு, அதன் கழிவை எங்கே கொட்டுவது என்பது தோட்டத்து ஆய்வகத்துக்குப் பெரிய தலைவலி. அதனால் நான் அதை எடுப்பதில்லை.

ஒரு முறை கழுவிவிட்டு நிறுத்தாதீர்கள். கழுவு, காய வை, எடை போடு, மறுபடி கழுவு. தண்ணீரில் போடாத புதுக் கூப்பன் ஒன்றையும் கூடவே அதே அமிலத்தில் போடுங்கள். எங்கள் குறிப்பேட்டில் ஒரு கூப்பனின் எடை இழப்பு நான்கு சுற்றில் இப்படி வந்தது: 0.2010, 0.2164, 0.2176, 0.2188 கிராம். இரண்டாம் சுற்றுக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 0.0012 கிராம்தான் கூடுகிறது. புதுக் கூப்பனும் சுற்றுக்கு அதே 0.0012 இழக்கிறது. ஆக, துரு இரண்டாம் சுற்றிலேயே போய்விட்டது, அப்புறம் அமிலம் நல்ல இரும்பைத் தின்கிறது. நான்கு சுற்றுக்கு 0.0048 கழித்தால் உண்மையான இழப்பு 0.2140 கிராம்.

இதுவும் சரியென்றால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். நம் ஊர்க் காற்றில், கழுவிய இரும்பு நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளிக்கத் தொடங்கும். கழுவியவுடன் அசிட்டோன், உடனே ஹேர் டிரையரில் குளிர்காற்று, அப்புறம் டெசிக்கேட்டர் (ஈரம் ஏறாமல் காக்கும் மூடிய பாத்திரம்). உள்ளே இருக்கும் நீலச் சிலிக்கா மணி இளஞ்சிவப்பாகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அடுப்பில் வைத்துக் காயவைத்து மறுபடி போடலாம். ராத்திரி ஏர்கான் நிறுத்தும் ஆய்வகத்தில் திங்கட்கிழமை காலை எடுத்தவுடன் எடை போடக் கூடாது. தராசு சூடாகி நிலைக்க நேரம் கொடுங்கள்.

தராசில் ஒரு தெரிந்த எடைக்கல்லை வையுங்கள். ஐந்து முறை வைத்து எடுத்தும் நான்காம் தசமத்தில் அலைகிறது என்றால் மேசை ஆட்டமா, மின்விசிறிக் காற்றா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், சாம் (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்த ஆய்வகத்தைக் கூப்பிடும் நேரம் அது. தராசைத் திறந்து நாமே திருகக் கூடாது.

அறிகுறி: ஒரே பீக்கரில் மூன்று கூப்பன், மூன்று விதமான எண்

எதில் தொங்கவிட்டீர்கள்? செம்புக் கம்பியில் என்றால் விடை கிடைத்துவிட்டது. செம்போடு தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பு வேகமாகக் கரையும். குளிர்ந்த தண்ணீருக்குத் தூண்டில் நரம்பு போதும், சூடான கழிவுநீருக்கு டெஃப்லான் நூல் அல்லது கண்ணாடிக் கொக்கி. கூப்பன்கள் ஒன்றையொன்றோ பீக்கர் சுவரையோ தொடக் கூடாது.

அடுத்து, தண்ணீர் போதுமா? கூப்பன் பரப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைந்தது 20 மில்லி வேண்டும். எங்கள் கூப்பன் 50 × 25 × 3 மில்லிமீட்டர், பரப்பு 29.5 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு கூப்பனுக்கே 590 மில்லி. மூன்றையும் ஒரு லிட்டர் பீக்கரில் திணித்தால் கரைந்த இரும்பே தண்ணீரின் தன்மையை மாற்றிவிடும்.

பரப்பளவுக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். ஓரங்களை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். மேலும் கீழும் மட்டும் சேர்த்தால் 25 சதுர சென்டிமீட்டர்தான் வரும், அரிப்பு வேகம் 18 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். தொங்கவிடும் துளை 6 மில்லிமீட்டர் விட்டம், தகடு 3 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் துளை தின்ற பரப்பும் துளையின் உள்சுவர் பரப்பும் சரிக்குச் சரி. அந்த அளவில் மட்டும் துளையை மறந்துவிடலாம்.

முழுக் கணக்கு இதுதான்: 87,600 பெருக்கல் எடை இழப்பு கிராமில், அதை, பரப்பு சதுர சென்டிமீட்டரில், நேரம் மணியில், அடர்த்தி மூன்றையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். இரும்பின் அடர்த்தி 7.86. மேலே சொன்ன 0.2140 கிராம், 30 நாள் அதாவது 720 மணி நேரம்: ஆண்டுக்கு 0.112 மில்லிமீட்டர். அரிப்பைத் தடுக்கத் தண்ணீரில் போடும் மருந்தை விற்பவர்கள் அறிக்கையில் மில் கணக்கில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எழுதுவார்கள், அதில் இது 4.4. இரண்டு அலகையும் கலந்துவிட்டு அலறியடித்து ஓடிவந்தவர்கள் உண்டு.

நேரமும் முக்கியம். 50 என்ற எண்ணை எதிர்பார்க்கும் வேகத்தால் வகுத்தால் குறைந்தபட்ச மணி நேரம் கிடைக்கும். 0.11க்கு ஏறக்குறைய 450 மணி. ஒரு வாரத்தில் எடுத்த கூப்பன்கள் ஒத்துவரவில்லை என்றால் அதில் வியப்பில்லை. துருப்பிடிக்காத எஃகில் இது இன்னும் மோசம். ஆண்டுக்கு 0.001 மில்லிமீட்டர் வேகம் என்றால் ஒரு வாரத்தில் இதே அளவுக் கூப்பன் இழப்பது அரை மில்லிகிராம்கூட இல்லை. அந்த அளவை விரல்ரேகையின் பிசுக்கே மறைத்துவிடும். அங்கே கூப்பன் எடை முறை பொருந்தாது.

தீபாவளி விடுமுறைக்குச் சூடேற்றிய பீக்கரை அப்படியே விட்டுவிட்டுப் போனால் தண்ணீர் வற்றி, கூப்பன் பாதி வெளியே நிற்கும். நீர்மட்டக் கோட்டில் ஆழமாக அரித்திருக்கும். அந்த எண்களைத் தூக்கிப் போடுங்கள். மேலே குளிர்விக்கும் கண்ணாடிக் குழாய் பொருத்தாமல் 60 பாகைக்கு மேல் நீண்ட சோதனை வைக்காதீர்கள்.

அறிகுறி: எல்.பி.ஆர். கருவியும் கூப்பனும் ஒத்துவரவில்லை

எல்.பி.ஆர். என்பது தண்ணீரில் நிற்கும் இரும்பு மின்முனைக்குச் சிறிய மின்னழுத்தம் கொடுத்து, அப்போது தெரியும் மின்தடையிலிருந்து அரிப்பு வேகத்தைக் கணக்கிடும் முறை.

*கருவி அதிகமாகக் காட்டினால்:* மென்பொருளில் மின்முனையின் பரப்பு என்னவென்று போட்டிருக்கிறது? பல கருவிகளில் யாரும் மாற்றாவிட்டால் 1 சதுர சென்டிமீட்டர் என்றே இருக்கும். எங்கள் மின்முனை 5 சதுர சென்டிமீட்டர். கருவி 520 ஓம் என்று காட்டினால் 5ஆல் பெருக்கி 2600. தடையை மின்னோட்டமாக மாற்ற உதவும் பி மதிப்பை 26 மில்லிவோல்ட் என்று எடுத்து, 2600ஆல் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோஆம்பியர், இரும்புக்கு அது ஆண்டுக்கு 0.116 மில்லிமீட்டர். கூப்பன் சொன்ன 0.112க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பரப்பைப் போட மறந்திருந்தால் 0.58 என்று வந்திருக்கும்.

பரப்பு சரியென்றால், மின்முனையைத் தண்ணீரில் இறக்கி எவ்வளவு நேரத்தில் அளந்தீர்கள் என்று பாருங்கள். புது இரும்பு முதல் சில மணி நேரம் வேகமாகக் கரையும். குறைந்தது ஒரு மணி நேரம் பொறுங்கள். கூப்பன் முப்பது நாளின் சராசரியைச் சொல்கிறது, கருவி இந்த நிமிடத்தைச் சொல்கிறது. தினமும் ஒரு தடவை அளந்து சராசரி எடுத்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைக்க முடியும்.

*கருவி குறைவாகக் காட்டினால்:* தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று அளந்து பாருங்கள். கண்டென்சேட், பாய்லருக்குப் போகும் சுத்திகரித்த நீர் இவையெல்லாம் மிகக் குறைவாகக் கடத்தும். தண்ணீரின் தடையும் சேர்ந்து கணக்கில் ஏறுவதால் அரிப்பு குறைவாகத் தெரியும். நம்மை ஏமாற்றும் திசையில் தவறுவதால் இது ஆபத்தானது. ரெபரன்ஸ் எலெக்ட்ரோடின் (ஒப்பிட்டு அளக்க மாறாத மின்னழுத்தம் தரும் முனை) நுண்குழாயை உலோகத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். குழாய் முனையின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் போதும், அதற்கும் நெருங்கினால் அது உலோகத்தையே மறைக்கும். எண் மாறினால் காரணம் இதுதான். அடுத்த படி, இம்பீடன்ஸ் (மாறுதிசை மின்சாரத்தால் அளக்கும்) சோதனை செய்து தண்ணீரின் தடையைத் தனியாகப் பிரித்துக் கழிப்பது. அந்த வசதி உங்கள் கருவியில் இல்லையென்றால், அந்தத் தண்ணீருக்கு மட்டும் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் ஒருமுறை அளந்து வாங்குங்கள். புதுக் கருவி வாங்குவதைவிட அது மலிவு.

*இரண்டு மடங்குக்குள் வித்தியாசம் என்றால்:* விட்டுவிடுங்கள். 26 என்ற அந்தப் பி மதிப்பே தோராயம். மருந்து போட்டதால் வேகம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க எல்.பி.ஆர். அருமையான முறை. தகடு எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்ல அதை நம்பாதீர்கள்.

அறிகுறி: வரைகோடு நடுங்குகிறது, பொட்டென்ஷியல் நிற்கவே இல்லை

மின்முனையின் மின்னழுத்தம்தான் பொட்டென்ஷியல். அது நிற்கவில்லை என்றால் ஒயரை மாட்டும் முதலைக் கிளிப்பை எடுத்துப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். நுண்குழாய்க்குள் காற்றுக்குமிழி சிக்கியிருக்கிறதா பாருங்கள், தட்டிவிட்டால் ஏறிப் போய்விடும்.

அப்புறம் ரெபரன்ஸ் எலெக்ட்ரோடு. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். இரண்டாவது ஒன்றைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலிலேயே போட்டு வையுங்கள், அதை அன்றாட வேலைக்குத் தொடக் கூடாது. இரண்டையும் ஒரே கரைசலில் நிறுத்தி வோல்ட்மீட்டரால் பாருங்கள். ஒரே வகை என்றால் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒன்று கலோமெல், மற்றது வெள்ளி என்றால் 44 மில்லிவோல்ட் அளவுக்கு வித்தியாசம் இயல்பு. கழிவுநீரில் நின்ற எலெக்ட்ரோடின் அடிமுனையில் எண்ணெய் அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தும் சரியாகவில்லை என்றால் புதிது வாங்குங்கள்.

இன்னும் நடுங்கினால் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாக இருக்கலாம். பெரிய சதுர பிஸ்கட் தகரம் ஒன்றை எடுத்து, செல் (மின்முனைகள் நிற்கும் பாத்திரம்) முழுவதையும் அதற்குள் வைத்து, தகரத்தைக் கருவியின் எர்த்தோடு இணையுங்கள். கோடு நேராகிவிட்டால் பக்கத்தில் ஓடும் மோட்டாரோ ஹாட்பிளேட்டோதான் காரணம். இத்தனைக்கும் பிறகு நிற்கவில்லை என்றால், செல்லைக் கழற்றிவிட்டு 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி அளந்து பாருங்கள். கருவி 1000 என்று சொன்னால் கருவி நன்றாக இருக்கிறது, கோளாறு செல்லில். சொல்லவில்லை என்றால் கருவியை விற்பனையாளரிடம் அனுப்புங்கள்.

அறிகுறி: அறிக்கை நன்றாக இருக்கிறது, குழாய் ஒழுகுகிறது

இதை நான் நீளமாகவே எழுதப் போகிறேன்.

எங்கள் கண்டென்சேட் குழாயில் ஒரு வருடமாகக் கூப்பன் போட்டு வந்தோம். வேகம் ஆண்டுக்கு 0.05 மில்லிமீட்டர்தான். ஒரு நாள் மத்தியானம் குழாய் பொருத்தும் பிட்டர் அண்ணன் ஒருவர் ஒரு சாண் நீளக் குழாய்த் துண்டோடு ஆய்வகத்துக்குள் வந்தார். "தம்பி, உங்க பேப்பர்ல நல்லாத்தான் இருக்குன்னு போட்டிருக்கு. இதைக் கொஞ்சம் பாருங்க" என்று மேசைமேல் வைத்தார். வெளியே ஊசித்துளை. நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால், உள்ளே குழாய்ச் சுவர் ஏறக்குறைய முழுத் தடிப்போடு இருந்தது. ஆனால் அங்கங்கே செம்பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன மேடுகள். ஒன்றைக் கத்தி முனையால் நெம்பினேன். உள்ளே கறுப்பாகப் பொடி, அதற்குக் கீழே கிண்ணம்போல் ஒரு குழி. அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்தக் குழாயின் பக்கத்தில் நின்று வேலை செய்பவர் அவர்.

எடை இழப்பு சராசரிதான் சொல்லும். குழியில் போகும் உலோகம் கொஞ்சம், ஆனால் ஒரே இடத்தில் போகிறது. எல்.பி.ஆரும் இதில் உதவாது.

செலவில்லாத சோதனை: இதுவரை எடை போட்டு மூடி வைத்த பழைய கூப்பன்களை எடுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். நான் அன்று மாலை அதைத்தான் செய்தேன். 60 நாள் கிடந்த கூப்பனில் குழிகள் இருந்தன. நாங்கள் எடை போட்டுவிட்டு அப்படியே உறையில் போட்டிருந்தோம், யாரும் பார்க்கவில்லை.

அடுத்து, ஆழம் அளப்பது. மைக்ராஸ்கோப்பில் முதலில் மேற்பரப்பை ஃபோகஸ் செய்து நுண்திருகின் எண்ணைக் குறியுங்கள். பிறகு குழியின் அடியை ஃபோகஸ் செய்து மறுபடி குறியுங்கள். வித்தியாசம்தான் ஆழம். ஒரு கோடு எத்தனை மைக்ரான் என்பது மைக்ராஸ்கோப்புக்கு மைக்ராஸ்கோப் மாறும், கையேட்டைப் பாருங்கள். குறைந்தது பத்து ஆழமான குழிகளை அளந்து, அதிக ஆழத்தையும் சராசரியையும் எழுதுங்கள். எங்கள் கூப்பனில் அதிக ஆழம் 0.4 மில்லிமீட்டர். அதே 60 நாளில் எடை சொன்ன சராசரி இழப்பு 0.008 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஐம்பது மடங்கு. குழி எப்போதும் ஒரே வேகத்தில் இறங்காது என்பதால், இதை அப்படியே ஆண்டுக் கணக்காக்கி "இத்தனை மாதத்தில் ஓட்டை விழும்" என்று எழுதாதீர்கள். ஆனால் அந்த ஐம்பதை அறிக்கையின் முதல் வரியில் போடுங்கள்.

கூப்பனை மாட்டும் பிளாஸ்டிக் வாஷருக்கு அடியில் மட்டும் குழி இருந்தால் அது இடுக்கு அரிப்பு. குழாயிலும் அப்படிப்பட்ட ஃபிளாஞ்ச் இடுக்குகளைத் தேடச் சொல்லுங்கள். பரப்பெங்கும் மேட்டுக்கு அடியில் குழி என்றால் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க வேண்டும். மாதிரியைப் புட்டியில் எடுத்து ஆய்வகத்துக்கு நடந்து வருவதற்குள் காற்று கலந்துவிடும், எனவே குழாய் வாயிலேயே அளக்கும் கிட் வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகு வகைகளில் எது குழிக்குத் தாங்கும் என்று ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் ஃபெரிக் குளோரைடு சோதனை இருக்கிறது: 6 விழுக்காடு கரைசல், 72 மணி நேரம். தரம் பிரிக்க அது நல்லது. உங்கள் தண்ணீரில் என்ன நடக்கும் என்று அது சொல்லாது. அதற்கு, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்க்கும் சுழல் போலரைசேஷன் சோதனை வேண்டும். அதைப் படித்துச் சொல்ல அனுபவம் உள்ளவர் தேவை, வெளியே கொடுப்பதே மேல்.

இங்கே நிறுத்த வேண்டிய கோடு ஒன்று உண்டு. பாய்லர், ஸ்டெரிலைசர் (பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கும் கலன்) இரண்டும் அழுத்தக் கலன்கள். அவற்றின் தகுதிச் சான்றிதழ் ஜேகேகேபி (அரசின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரத் துறை) கையில். குழி அரிப்பு என்று தெரிந்த அன்றே ஆலைப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அல்ட்ராசோனிக் முறையில் சுவரின் தடிப்பை அளக்கச் சான்று பெற்றவரை வரவழைக்கச் சொல்லுங்கள். அந்த அளவீட்டுக்குப் பதிலாக உங்கள் கூப்பன் எண்ணை யாரும் பயன்படுத்த விடாதீர்கள்.

அறிகுறி: எண்ணெய் கலந்த நீரில் கருவி ஒன்றுமே சொல்லவில்லை

முறையே பொருந்தாத இடம் இது. எண்ணெய் பூசிய மின்முனையில் எல்.பி.ஆர். தரும் எண்ணுக்கு மதிப்பில்லை. ஆவி மட்டும் படும் இடத்திலும் அப்படியே. கூப்பன் போடுங்கள், பொறுமை இருந்தால் அதுவே போதும். பொறுமை இல்லாத இடத்தில் இ.ஆர். புரோப்: உலோகம் மெலிய மெலிய அதன் மின்தடை கூடுவதை அளக்கும், தண்ணீர் கடத்துகிறதா என்ற கவலை இல்லை. வாங்கும்போது இரண்டைக் கேளுங்கள்: வெப்பநிலை ஈடுசெய்யும் இழை உள்ளே இருக்கிறதா, இழையின் தடிப்பு என்ன. தடிப்பான இழை நாள்பட உழைக்கும், ஆனால் மாற்றத்தைத் தாமதமாகச் சொல்லும். இரும்பு சல்பைடு படியும் இடத்தில் இதுவும் பொய் சொல்லும், படிவே மின்சாரத்தைக் கடத்துவதால்.

அறிகுறி: உப்புத் தூவல் பெட்டியில் தேறிய பெயின்ட், வெளியில் உரிகிறது

பெட்டி 35 பாகை, 5 விழுக்காடு உப்பு, 80 சதுர சென்டிமீட்டர் புனலில் மணிக்கு 1 முதல் 2 மில்லி. இவை சரியாக இருந்தால் பெட்டியில் கோளாறில்லை. அந்தச் சோதனை ஒரு பெயின்டை இன்னொன்றோடு ஒப்பிடத்தான். மணி நேரத்தை வருடமாக மாற்ற எந்தக் கணக்கும் கிடையாது. ஆலைக் கூரைமேல் தகடுகளை மாட்டி வைத்து ஒரு வருடம் பாருங்கள்.

அறிகுறி: எடை குறையவே இல்லை, பித்தளை மட்டும் வெடிக்கிறது

ரப்பர்ப் பால் எடுக்கும் இடங்களிலிருந்து வரும் கேள்வி. பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். அம்மோனியாவும் ஈரமும் இழுவிசையும் சேர்ந்தால் பித்தளை விரிசல் விடும். தட்டையான கூப்பனில் இழுவிசை இல்லாததால் அது பத்திரமாக இருக்கும், வால்வு நட்டு மட்டும் பிளந்துபோகும். தகட்டுத் துண்டை யு வடிவில் வளைத்து, போல்ட் போட்டு இறுக்கி அதே இடத்தில் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை வளைவின் வெளிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். எடை போட வேண்டியதில்லை. விரிசல் வந்தால் பித்தளையை அங்கிருந்து எடுத்துவிட்டு எஃகுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

உறுதிப்படுத்த வெளி ஆய்வகத்துக்கு அனுப்பும்போது உடைந்த முகத்தைத் தேய்க்காதீர்கள், அமிலத்தில் கழுவாதீர்கள், இரண்டு துண்டையும் பொருத்திப் பார்க்காதீர்கள். காய்ந்த டிஷ்யூவில் தனித்தனியாகச் சுற்றி, சிலிக்கா மணிப் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்த வால்வு, எத்தனை மாதம் ஓடியது என்று பைமேல் எழுதி அனுப்புங்கள்.